ஒரே பிராக்கெட்டில் 17-ம் 19-ம்

பிக்கப் லோடு வண்டியின் முன் சக்கரத்து பிரேக் டிஸ்க் இரண்டையும் மாற்றி முடித்தாயிற்று. டிஸ்க் மாற்றுவது பெரிய வேலை இல்லை. அதற்கு வழிவிட, பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பரைத் தாங்குகிற பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டைக் கழற்றுவதும், கழற்றியதைத் திரும்ப ஒழுங்காகப் போடுவதும்தான் வேலை. லோடு வண்டி வைத்திருப்பவர்களில் பலபேர் சக்கரம் கழற்றுவார்கள், பேடு கூட மாற்றுவார்கள், இந்த இரண்டு போல்ட் என்று வந்தால் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிவிடுவார்கள். நானும் அப்படித்தான் விட்டுக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நானே இறங்கிப் பார்த்ததை வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டி ஒன்றரை டன் சுமக்கிற பழைய பிக்கப், முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இப்போது ஆத்தங்குடியிலிருந்து டைல்ஸ், இடித்த வீடுகளிலிருந்து தூண், நிலை, கதவு என்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு ஓடுகிறது. நான் வாங்குவதற்கு முன்னால் தொண்டியிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டிருந்தது. மீன் பெட்டி ஏற்றும் இடத்தில் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும், முன் சக்கரம் அதிலேயே நிற்கும், அப்புறம் தேவகோட்டை வரைக்கும் வெயிலில் காயும், மறுநாள் திரும்ப நனையும். இரும்பு அரிப்பை ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது, கடலோரத்தில் உலோகங்களை வைத்துப் பார்க்க மண்டபத்திலும் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு. என் வண்டியின் முன் அச்சைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் காட்சிக்கு வைத்திருப்பார்கள்.

தொந்தரவு ஒரு சத்தத்தில் தொடங்கியது. மெதுவாகப் போகும்போது இடது பக்கம் சக்கரம் ஒரு சுற்று வந்தால் ஒரு 'கிர்ர்'. பேடு தேய்ந்துவிட்டது என்று மச்சான் சொன்னார், அவர்தான் பாதி நாள் ஓட்டுகிறார். பேடு தேய்ந்து இரும்பு உரசினால் சத்தம் விடாமல் வரும், பிரேக் மிதித்தால் கூடும். இது மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் அதே சுருதியில், சுற்றுக்கு ஒன்றாக வந்தது. சரி, கழற்றித்தான் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

வண்டி நிறுத்துவது ஒரு பெரிய வீட்டின் பின்தெருப் பக்கம், பழைய வண்டிக் கொட்டகையில். தளம் கல் பாவியது, அது நல்லதாகப் போயிற்று. வெளியே செம்மண்ணில் ஜாக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் ஒரு பக்கமாக அமுங்கும். கல் தளத்திலும் ஜாக்கிக்கு அடியில் ஒரு பலகை கொடுத்தேன், இடித்த வீட்டு உத்தரத்தில் மிஞ்சிய பர்மா தேக்குத் துண்டு, இரண்டு அங்குல கனம். பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கிவிட்டு, தூக்கி, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை ஸ்டாண்டில் இறக்கி, கையால் தள்ளிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தை எடுத்தேன். பிராக்கெட் போல்ட்டுக்குப் பைப் போட்டு இழுக்கப் போகிறோம், அந்த இழுப்பு முழுக்க வண்டி மேல் போகும். ஜாக்கியை மட்டும் நம்பி இதைச் செய்யக் கூடாது. எடுத்த சக்கரத்தைக் கதவுக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பதும் வழக்கம், நான் போட்டேன்.

இடது சக்கர வேலைக்கு ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டால், கேலிப்பர் அச்சுக்குப் பின்புறம் இருக்கிற வண்டியில், பிராக்கெட் போல்ட்டின் தலை வெளியே பார்த்து வந்துவிடும். இதைச் செய்யாமல் சக்கரம் நேராக இருக்கும்போது கையை உள்ளே விட்டுத் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வண்டியில் கேலிப்பர் முன்புறம் இருந்தால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள்.

முதலில் கேலிப்பர். அது வழுக்கி நகரும் ஸ்லைடு பின்களில் (pin) ஏறிய இரண்டு போல்ட், 14 சைஸ், சிரமமில்லாமல் வந்தன. கேலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கட்டுக்கம்பியை இரண்டு சுற்று முறுக்கி மேலே ஸ்பிரிங்கில் மாட்டிவிட்டேன். பேடு இரண்டையும் எடுத்து அளந்தால் வெளிப்பக்கம் 7 மில்லிமீட்டர் இருக்கிறது, உள்பக்கம் 3. கீழ்ப் பின் அதன் குழியில் நகரவே இல்லை, கிரீஸ் காய்ந்து தார் மாதிரி ஆகியிருந்தது. ஆனால் சத்தத்துக்கு அது காரணம் இல்லை. டார்ச் அடித்து டிஸ்க்கின் உள்முகத்தைப் பார்த்தபோது, பேடு தொடும் பட்டைக்கு வெளியே, விளிம்பை ஒட்டி, மெல்லிய பளபளப்பான கோடு ஒன்று கால் வட்டத்துக்கு ஓடியது. துருப்பிடித்த இரும்பில் அந்தக் கோடு மட்டும் புத்தம் புதுசு. ஏதோ ஒன்று டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, டிஸ்க் லேசாக நெளிந்திருப்பதால் சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் தொடுகிறது.

டிஸ்க் கனத்தையும் அப்போதே பார்த்தேன். விளிம்பில் குறைந்தபட்சம் 20 மில்லிமீட்டர் என்று அச்சு இருந்தது. வெர்னியரை அப்படியே வைத்தால் விளிம்பில் தேயாமல் நிற்கிற கரை தடுக்கும், கனம் கூடுதலாகக் காட்டும். ஒரே அளவு வாஷர் இரண்டை இரு பக்கமும் வைத்து அளந்து வாஷர் கனத்தைக் கழித்தேன். 19.4 வந்தது. டிஸ்க் போக வேண்டியதுதான், ஆகவே பிராக்கெட்டும் கழன்றாக வேண்டும்.

இங்கேதான் தலைப்பில் உள்ள சங்கதி. மேல் போல்ட்டில் 17 மில்லிமீட்டர் சாக்கெட் உட்கார்ந்தது. அதே சாக்கெட் கீழ் போல்ட்டில் ஏறவில்லை. துரு என்று நினைத்துக் கம்பி பிரஷ் போட்டேன், அப்போதும் ஏறவில்லை. 19 ஏறியது. ஒரே பிராக்கெட்டில் இரண்டு சைஸ் போல்ட்டைக் கம்பெனி போட்டு அனுப்பாது. மேலே இருந்தது தலையோடு சேர்ந்த வட்டத் தட்டு உள்ள போல்ட், தலையில் 10.9. கீழே இருந்தது சாதாரண அறுகோணத் தலை, அடியில் ஒரு ஸ்பிரிங் வாஷர், அதற்கும் அடியில் இரண்டு தட்டை வாஷர், தலையில் 8.8.

19 போல்ட் ஒரு கை இழுப்பிலேயே இளகிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்லை இது. வெளியே எடுத்து வைத்து அளந்தால் தலைக்குக் கீழ் 45 மில்லிமீட்டர். மேல் போல்ட் பிற்பாடு வெளியே வந்தபோது அது 35. யாரோ முன்பு கழற்றும்போது கீழ் போல்ட்டை ஒடித்தோ தொலைத்தோ, கையில் கிடைத்த நீள போல்ட்டைப் போட்டு, நீளத்தைச் சமாளிக்க வாஷர் அடுக்கியிருக்கிறார்கள். மரை மட்டும் அதே 12 மில்லிமீட்டருக்கு 1.25 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி), அதனால் ஏறியிருக்கிறது. அதன் நுனிதான் டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தது, நுனியில் ஒரு பக்கம் கண்ணாடி போலத் தேய்ந்திருந்தது. மச்சானிடம் காட்டினேன். "மாப்ள, இதோடயா திருமயம் இறக்கத்துல லோடு ஏத்திக்கிட்டு வந்தேன்?" என்றார், அப்புறம் டீ குடிக்கக்கூட எழுந்து போகவில்லை, கூடவே உட்கார்ந்துவிட்டார்.

தலையில் உள்ள எண்ணைப் பற்றி இரண்டு வரி. புள்ளிக்கு முன்னால் உள்ளதை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் இழுவையில் அறும் என்று வரும், 8-க்கு 800, 10-க்கு 1000. புள்ளிக்குப் பின்னால் உள்ளது, அதில் பத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தாலும் போல்ட் நீண்டுபோகாமல் பழைய அளவுக்கே திரும்பும் என்பது. 8.8-க்கு 640, 10.9-க்கு 900. பிரேக் மிதித்தால் டிஸ்க் பேடை இழுக்கும், பேடு பிராக்கெட்டை இழுக்கும், பிராக்கெட்டை நிறுத்தி வைப்பது இந்த இரண்டு போல்ட் மட்டுமே. இந்த இடத்தில் 8.8 போடக் கூடாது என்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இனி மேல் போல்ட், அந்த 17. துரு முழுக்க இங்கேதான் இருந்தது. துரு இளக்கும் ஸ்பிரேயைத் தலையைச் சுற்றித் தாராளமாக அடித்து இரவு விட்டேன். காலையில் ரிங் ஸ்பேனர் போட்டு இழுத்தால் அசையவில்லை, இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது ஸ்பேனர் தலையில் ஒரு முனை வழுக்கியது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். நம்மிடம் உள்ள ரிங் ஸ்பேனர் எல்லாம் உள்ளே பன்னிரண்டு முனை உள்ளவை, அவை தலையின் மூலையை மட்டும் பிடிக்கும், துரு தின்று சிறுத்த தலையில் வழுக்கி மூலையை மழுக்கிவிடும். ஆறு முனை சாக்கெட் தட்டையான பக்கத்தைப் பிடிக்கும். அரை இஞ்ச் டிரைவில் ஆறு முனை 17, கனமான சுவர் உள்ளது, காரைக்குடியில் 260 ரூபாய்க்குக் கிடைத்தது. தலையைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை தெரிகிற வரை தேய்த்து, சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி அடி வரை ஏற்றினேன்.

கழற்றும் திசையில் நிறைய பேர் குழம்புவார்கள். போல்ட் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஏறியிருக்கிறது. நீங்கள் வெளியே உட்கார்ந்து டிஸ்க் வழியாகப் பார்த்துக்கொண்டு கையை மட்டும் பின்னால் விட்டால் இடம் வலமாகிவிடும், கழற்றுகிறோம் என்று இன்னும் இறுக்குவீர்கள். தலைக்கு நேராக முகம் வரும்படி படுத்து, அங்கிருந்து பார்த்து இடது பக்கம் சுற்ற வேண்டும்.

சாக்கெட்டில் டொமி பார் என்கிற நீளக் கைப்பிடி, அதில் ஒரு மீட்டர் ஜிஐ பைப். இழுத்தால் பார் வளைகிறது, போல்ட் வரவில்லை. தலை மேல் ஒரு போல்ட் துண்டை வைத்துச் சம்மட்டியால் நேராக நாலு போடு போட்டேன், சில நேரம் அந்த அதிர்ச்சியிலேயே துரு விட்டுக்கொடுக்கும். இறுக்கும் திசையில் துளி அசைத்துவிட்டுத் திருப்பி இழுக்கும் வழியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பைப்பை இன்னும் நீளமாக்கலாம் என்று மச்சான் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அந்த நீளத்தில் போல்ட் இளகுகிறதா, முறுக்கிக்கொண்டு ஒடியப் போகிறதா என்பது கைக்குத் தெரியாது. ஒடிந்தால் துளைபோட்டு எடுக்க வேண்டும், 10.9 போல்ட்டில் கையால் துளைபோடுவது ஒரு நாள் கூலிக்குச் சமம்.

பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், இப்போது மகன் பார்க்கிறார், இவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய்ச் சொன்னதும் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, எண்ணெய எந்தப் பக்கம் ஊத்தினே?" தலைப் பக்கம்தான் என்றேன். "தலையில தட்டு அமுக்கிக்கிட்டு இருக்கு, அந்தப் பக்கமா எப்படி உள்ள போகும்? மரை முடியுற பக்கம் ஊத்து."

வந்து பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. இந்த வண்டியில் போல்ட் அச்சுக் காதின் (சக்கரத்தோடு திரும்பும் இரும்பில் நீட்டிக்கொண்டிருக்கும் காது) துளை வழியாக வந்து பிராக்கெட்டின் மரையில் ஏறுகிறது, அந்த மரை டிஸ்க் பக்கம் திறந்தே இருக்கிறது. உப்புத் தண்ணீர் போன வழியும் அதுதான். டிஸ்க்குக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் விரல் போகாது. ஸ்பிரேயின் சிவப்புக் குழலை வளைத்து விட்டு நுனியில் அடித்தேன், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அடித்துக்கொண்டே இருந்தேன். டிஸ்க் மாற்றப் போவதால் அதன் மேல் எண்ணெய் பட்டதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பழைய டிஸ்க்கையே திரும்பப் போடுகிறவர்கள் பிரேக் கிளீனரால் நன்றாகக் கழுவ வேண்டும், பேடில் பட்டிருந்தால் பேடைத் தூக்கிப் போட வேண்டும்.

சாயங்காலம் கேஸ் வெல்டிங் தம்பி வந்தார். சூடு கொடுப்பதற்கு முன் செய்ததை எழுதிவிடுகிறேன். தொங்கிய கேலிப்பரையும் ஹோஸையும் முன்பக்கம் தள்ளிக் கட்டி ஈரச் சாக்கால் மூடினேன். வடிந்த எண்ணெயைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்தேன். பால் ஜாயின்ட் ரப்பருக்கும் ஈரத் துணி. பக்கத்தில் ஒரு வாளி மணல். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சுடர் காட்டவே கூடாது, குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் சூட்டில் நச்சு வாயு வரும், ஆகையால் அந்த டப்பாவை அன்று வெளியிலேயே எடுக்கவில்லை. ஏபிஎஸ் உள்ள வண்டியாக இருந்தால் சென்சார் ஒயரையும் கழற்றிவிட வேண்டும்.

போல்ட்டைச் சுடக் கூடாது, அது உட்கார்ந்திருக்கும் பிராக்கெட் காதைச் சுட வேண்டும், துளை விரிய வேண்டும் அல்லவா. செக்கச் சிவக்கக் காய்ச்சவும் கூடாது, இரும்பின் பலம் போய்விடும், சக்கர பேரிங்கில் உள்ள கிரீஸும் உருகும். எண்ணெய் புகைகிற அளவுக்குச் சூடானதும் சுடரை எடுக்கச் சொல்லிவிட்டு ஒரு மெழுகுவத்தியை மரையின் வாயில் தொட்டேன். தொட்ட இடத்தில் மெழுகு நிற்கவில்லை, உருகி உள்ளே இழுத்துக்கொண்டது. ஒரு நிமிடம் விட்டு பாரைப் போட்டு, பைப் இல்லாமல், உடம்பு எடையோடு ஒரே சீராகக் கீழ்நோக்கி இழுத்தேன். 'டக்' என்று துப்பாக்கி வெடித்த சத்தம். ஒடிந்துவிட்டது என்றே நினைத்தேன். பார்த்தால் கால் சுற்று நகர்ந்திருக்கிறது.

இளகிவிட்டது என்று ஒரே மூச்சில் சுற்றி எடுக்காதீர்கள். கால் சுற்று வெளியே, கரகரவென்று பிடித்தால் அரைக்கால் உள்ளே, திரும்ப எண்ணெய், திரும்ப வெளியே. துருப்பொடி மரையில் மாட்டிக்கொண்டால் மரையையே உரித்துக்கொண்டு வரும். பொறுமையாக எடுத்ததில் போல்ட் முழுதாக வந்தது, கடைசி மூன்று மரை மட்டும் துரு தின்றிருந்தது.

பிராக்கெட்டின் மரையைச் சுத்தம் பண்ண மரை வெட்டும் டேப் போடலாம் என்று இருந்தேன். டேப் இரும்பையும் கொஞ்சம் சீவிவிடும், மரை தளர்ந்துபோகும் என்று பெரியவர் தடுத்தார். அவர் மகன் அதே மரை உள்ள பழைய போல்ட் ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து நீளவாக்கில் ஹேக்ஸாவால் மூன்று வெட்டு போட்டு, பிசிறைத் தேய்த்துக் கொடுத்தார். அதை எண்ணெய் தொட்டுக் கையால் ஏற்றி இறக்கினால் வெட்டுக்குள் கருப்பு மாவாகத் துரு அடைந்துகொண்டு வருகிறது. தட்டிவிட்டு மறுபடி. கடைசியில் புது போல்ட் விரலாலேயே அடி வரை போகிற அளவுக்கு வந்துவிட்டது. கீழ்த் துளையின் மரையையும் டார்ச் அடித்துப் பார்த்தேன், 8.8 போல்ட்டை மிகையாக இறுக்கி மரையைக் கெடுத்திருப்பார்களோ என்று பயம், நல்ல வேளையாகக் கெடவில்லை. கெட்டிருந்தால் பிராக்கெட்டையே மாற்றியிருப்பேன்.

போல்ட் வாங்கப் போனால் ஹார்டுவேர் கடையில் முதலில் நீட்டியது 8.8, கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்று பதில். உதிரிபாகக் கடையில் வண்டியின் மாடலைச் சொல்லி அசல் போல்ட்டே வாங்கினேன், ஒன்று 85 ரூபாய். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நாலு. வாங்கும் இடத்திலேயே நீளம், தலை எண், மரை மூன்றையும் பார்த்துவிட வேண்டும். வெர்னியரைச் சட்டைப் பையில் கொண்டுபோயிருந்தேன்.

போடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்றை ஒர்க்‌ஷாப்பில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பிராக்கெட்டும் அச்சுக் காதும் முகத்தோடு முகம் சேரும் இடம் இருக்கிறதே, அங்கே துருச் செதில் இருந்தால் இன்று டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்துச் சரியாக இறுக்கினாலும், ஓட்டத்தில் அந்தச் செதில் நொறுங்கி அரை மயிரிழை இடம் விட்டதும் இறுக்கம் போய்விடும். இரண்டு முகத்தையும் கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரிகிற வரை தேய்த்தேன். பெயின்ட், கிரீஸ் எதுவும் அங்கே தடவவில்லை. டிஸ்க் உட்காரும் ஹப் முகத்துக்கும் இதே கவனிப்பு, இல்லாவிட்டால் புது டிஸ்க்கும் நெளிந்து ஓடும். புது டிஸ்க்கில் துருப் பிடிக்காமல் பூசியிருக்கும் எண்ணெயைக் கிளீனரால் கழுவினேன். சூடெல்லாம் ஆறி மறுநாள் என்பதால் இப்போது கிளீனர் எடுக்கலாம்.

மரையில் எண்ணெய்ப் பசை போக கிளீனர் அடித்துக் காயவிட்டு, ஒவ்வொரு போல்ட்டிலும் நீல லாக்டைட் (மரை தானாக இளகாமல் பிடிக்கும் பசை) இரண்டு சொட்டு. சிவப்பு வேண்டாம். அது பிடித்துக்கொண்டால் அடுத்த தடவை சூடு காட்டாமல் வராது, மறுபடி கேஸ் தம்பியைத் தேட வேண்டும். பிராக்கெட்டை நிறுத்தி இரண்டு போல்ட்டையும் விரலால் அடி வரை ஏற்றினேன். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதைத் தொடங்கினால் துளை நேராக வராது, குறுக்கு மரை ஏறிவிடும்.

என் வண்டியின் கையேட்டில் பிராக்கெட் போல்ட்டுக்கு 108 நியூட்டன் மீட்டர், ஸ்லைடு பின் போல்ட்டுக்கு 34. உங்கள் வண்டிக்கு இது பொருந்தாது, உங்கள் கையேட்டைப் பாருங்கள், சின்ன லோடு வண்டிகளுக்குள்ளேயே இந்த எண் நிறைய மாறும். 108 என்பது அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் 22 கிலோ தொங்கினால் வரும் இறுக்கம். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான், பைப் போட்டு 'நச்'சென்று இறுக்குவதாக நாம் சொல்லிக்கொள்வது எவ்வளவு கூடுதல் என்று புரிந்தது. முதல் சுற்றில் இரண்டையும் 60-க்கு, அடுத்த சுற்றில் 108-க்கு, ரெஞ்ச் 'கிளிக்' என்றதும் நிறுத்திவிட்டேன், இன்னொரு கிளிக் வேண்டாம். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டை ராடு இடிக்காமல் இருக்க ஆறு அங்குல எக்ஸ்டென்ஷன் போட்டேன். நேரான எக்ஸ்டென்ஷன் அளவை மாற்றாது, பக்கவாட்டில் நீளும் அட்டாச்மென்ட் மாற்றிவிடும். முடிந்ததும் போல்ட் தலையிலிருந்து அச்சுக் காது வரை மச்சான் மகளுடைய நகப்பூச்சால் ஒரு கோடு. பிற்பாடு போல்ட் திரும்பினால் கோடு ஒடிந்து காட்டும்.

மற்றது எல்லாம் வழக்கமான வேலை. ஸ்லைடு பின் இரண்டையும் உப்புத்தாள் போட்டுத் துடைத்து சிலிக்கான் கிரீஸ். சாதா வீல் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிவிடும், பின் இறுகும், உள்பேடு மட்டும் தேய்ந்ததற்கும் முன்பு யாரோ போட்ட கிரீஸ்தான் காரணமாக இருக்கும். பின் இரண்டில் ஒன்றின் நுனியில் ரப்பர் புஷ் இருந்தால் எது மேலே எது கீழே என்று கழற்றும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்முன் பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பார்த்தேன், நிறைய இருந்தது, கொஞ்சம் உறிஞ்சி எடுத்தேன். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் பெயின்ட் உரியும்.

எல்லாம் மாட்டி, வண்டியை நகர்த்தும் முன் பெடலை மிதித்து மிதித்துக் கெட்டியாக்க வேண்டும். முதல் மிதியில் பெடல் தரை வரை போகும், பிஸ்டன் பின்னால் போயிருப்பதால். இதை மறந்து வண்டியை எடுத்தால் எதிர்ச் சுவர்தான் பிரேக். வீல் நட்டும் ரெஞ்ச் வைத்து எதிரெதிராக இறுக்கியது. பெரிய பெட்டிக்கடை வரைக்கும் மெதுவாக, அப்புறம் லோடு இல்லாமல் கானாடுகாத்தான் வரை. ஐம்பதில் போய்ப் பத்துக்குக் குறைத்து, முழுக்க நிறுத்தாமல் கொஞ்ச தூரம் விட்டு மறுபடி, இப்படிப் பேடைப் பழக்கினேன். சத்தம் இல்லை. ஒரு வாரம் டைல்ஸ் ஏற்றி ஓட்டிய பிறகு சக்கரத்தைக் கழற்றி நகப்பூச்சுக் கோட்டைப் பார்த்தேன், நேராக இருந்தது. ரெஞ்ச் போட்டுத் திரும்ப இறுக்கிப் பார்க்கவில்லை, காய்ந்த லாக்டைட்டை அசைத்தால் அது விட்டுப்போகும்.

வலது பக்கத்தில் இரண்டும் 17, இரண்டும் அசல். அங்கே தொடக்கத்திலேயே குழலை விட்டு நுனிப் பக்கம் எண்ணெய் அடித்து இரவு விட்டேன். ஒன்று பைப் போட்டதும் வந்தது, மற்றதற்குக் கொஞ்சம் சூடு வேண்டியிருந்தது.

செலவு: டிஸ்க் ஜோடி 4,300, பேடு செட் 1,250, போல்ட் நாலு 340, லாக்டைட் சின்னக் குப்பி 290, சிலிக்கான் கிரீஸ் 180, துரு இளக்கும் ஸ்பிரே 320, பிரேக் கிளீனர் 250, சாக்கெட் 260, கேஸ் தம்பிக்கு 200, லேத்தில் 150. ஆக 7,540. டார்க் ரெஞ்ச் தனி, 3,400, அரை இஞ்ச் டிரைவ். மச்சானுக்கு அதில்தான் மனத்தாங்கல், ஒரு ஸ்பேனருக்கா இவ்வளவு என்று. வேலை முடிந்ததும் அதன் ஸ்பிரிங்கைக் குறைந்தபட்ச அளவுக்குத் தளர்த்தி வைத்துவிட வேண்டும், இறுக்கத்திலேயே விட்டால் அளவு மாறிவிடும். 34-க்கு அது கொஞ்சம் பெரிய ரெஞ்ச், பின் போல்ட்டுக்கு லேத் பட்டறையிலிருந்து சின்னது இரவல் வாங்கினேன்.

அடுத்த தடவை மாற்றிச் செய்யப்போவது: ஆறு முனை சாக்கெட்டும் நுனிப் பக்கத்து எண்ணெயும்தான் முதல் வேலை, ரிங் ஸ்பேனரைத் தொடவே மாட்டேன். கழற்றும் முன்பே புது போல்ட் நாலை வாங்கி வைத்துக்கொள்வேன், இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருந்ததால் வண்டி ஸ்டாண்டிலேயே நின்றது. பழைய வண்டி வாங்கும்போது முன் சக்கரத்தைத் திருப்பிவிட்டு டார்ச் அடித்து இந்த நாலு தலையையும் பார்த்துவிடுவேன், சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டியதில்லை. இடது பக்கத்துத் தூசித் தகடு சூட்டில் லேசாக வளைந்திருக்கிறது, இப்போதைக்கு டிஸ்க்கில் படாமல் இழுத்து விட்டிருக்கிறேன், புதுசு சொல்லி வைத்திருக்கிறது.